வளைக்குள் ஒலி: கொழும்புக் கடலடியில் எந்த முறையை எடுப்பது?

டிசம்பரில் கடல் அடங்கும். ஒக்டோபர், நவம்பர் மழை விட்டு, களனி கங்கை கொண்டுவந்து கொட்டிய செந்நீர் தெளியும்போது, கொழும்புக் கடலில் சின்ன வள்ளத்தோடு வேலை செய்ய ஏறக்குறைய நான்கு மாதம் கிடைக்கும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் பிறகு கரையில் நின்று பார்க்கத்தான் முடியும். இந்த நான்கு மாதத்துக்குள், கடலடி மணலிலும் சேற்றிலும் வளை தோண்டி வாழும் உயிர்களை ஒலியால் ஆராய வேண்டும் என்பது எங்கள் திட்டம். நான், இறுதியாண்டில் படிக்கும் இரண்டு மாணவர்கள், முகத்துவாரத்து வள்ளக்காரர் ஒருவர், அவ்வளவுதான் எங்கள் குழு. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு கருவி செய்யலாம். இன்னொன்றை யாரிடமாவது கடன் கேட்கலாம். எதைச் செய்வது, எதைக் கேட்பது என்று மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். இதே கேள்வியோடு வேறு மாணவர்களும் இருப்பார்கள் என்பதால் நாங்கள் பார்த்த வழிகளையும் வந்து சேர்ந்த முடிவையும் எழுதுகிறேன்.

வெள்ளவத்தைக் கரையில் மாலையில் நடந்தவர்கள் நண்டு வளையைப் பார்த்திருப்பார்கள். தண்ணீருக்கு அடியில் அதே வேலையை இன்னும் ஆழமாகச் செய்கிற உயிர்கள் உண்டு. முக்கியமானது உடல் வெளிறி, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் ஒருவகை இறால். இதற்குத் தமிழில் பரவலான பெயரை நான் கேட்டதில்லை. இங்கே வளை இறால் என்றே எழுதுகிறேன். விரல் தடிப்பு உள்ள சுரங்கத்தை இது ஒரு மீற்றருக்கும் கீழே கொண்டுபோகும். உள்ளே கால்களால் விசிறித் தண்ணீரை ஓட வைக்கும். மூச்சுமுட்டிக் கிடக்கும் கறுப்பு மண்ணுக்குள் அந்தத் தண்ணீரோடு ஒட்சிசனும் போகிறது. அடியில் இருந்த மண் மேலே வருகிறது, மேலே கிடந்தது அடிக்குப் போகிறது. கடலடி உயிரோடு இருப்பதற்கு இந்தச் சின்ன உயிர்களின் உழைப்பு ஒரு பெரிய காரணம்.

கொழும்புக்கு இது வெறும் பாடப்புத்தக விசயம் இல்லை. 2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கிய அந்தக் கப்பலில் ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. மணலோடு கலந்த மணிகளைக் கீழே இழுப்பதிலும் மேலே தள்ளுவதிலும் வளை தோண்டிகளுக்கு என்ன பங்கு? துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் நிலத்தைக் கடலில் நிரப்பினார்கள், அதற்கு மணல் கடலடியிலிருந்து வந்தது. மணல் அள்ளிய இடங்களில் வளை தோண்டிகள் மறுபடி குடியேறியிருக்கின்றனவா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, முதலில் வளைகளை அழிக்காமல் எண்ணத் தெரிய வேண்டும். மண்வாரியால் அள்ளினால் வளை இடிந்துவிடும். கமராவுக்கு வாய் மட்டும்தான் தெரியும். மண்ணுக்குள் புகுந்து திரும்பி வரக்கூடியது ஒலி. அதனால்தான் ஒலி.

ஆனால் எந்த ஒலி? இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அலைநீளம். கொழும்புக் கடல்நீர் 28 பாகை வெப்பத்தில் இருக்கும்போது ஒலி அதில் செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் ஓடும். 3.5 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 44 சென்றிமீற்றர். 100 கிலோஹேர்ட்ஸில் அது ஒன்றரைச் சென்றிமீற்றர். 400 கிலோஹேர்ட்ஸில் நான்கு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. வளை இறாலின் சுரங்கம் ஒன்று, இரண்டு சென்றிமீற்றர் அகலம். அரை மீற்றர் அலைக்கு அந்தச் சுரங்கம் இருப்பதே தெரியாது. சுரங்கம் தெரியவேண்டும் என்றால் 100 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே போகவேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அதிர்வெண் கூடக் கூட மண் ஒலியை விழுங்கும். நுண்மணலில் கிலோஹேர்ட்ஸ் ஒன்றுக்கு, மீற்றர் ஒன்றுக்கு, ஏறக்குறைய அரை டெசிபெல் என்று கணக்கு வைக்கலாம். 400 கிலோஹேர்ட்ஸ் ஒலி 10 சென்றிமீற்றர் மணலுக்குள் போய்த் திரும்பினால் 40 டெசிபெல் போய்விடும். அதாவது அனுப்பிய சக்தியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

சரி, மணல் விழுங்கினால் சேற்றுக்குப் போகலாமே என்று நாங்களும் நினைத்தோம். மென்சேறு ஒலியை மணலைவிட மிகக் குறைவாகத்தான் விழுங்கும், ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேறு பெரும்பாலும் தண்ணீர்தான். அதற்குள் ஒலியின் வேகம் மேலே உள்ள தண்ணீரில் இருப்பதைவிட ஒன்று, இரண்டு சதவீதம் குறைவாக இருக்கும். தண்ணீர் நிரம்பிய வளை, ஏறக்குறையத் தண்ணீர் போலவே இருக்கும் சேற்றுக்குள் கிடக்கிறது. ஒலிக்கு அதைப் பிரித்தறிவது கடினம். மணலில் வேகம் பத்து, பன்னிரண்டு சதவீதம் கூட, அடர்த்தி தண்ணீரின் இரட்டிப்பு. அங்கே வளை பளிச்சென்று வேறுபடும், ஆனால் ஒலி உள்ளே போகாது. ஒலி போகிற இடத்தில் வளை தெரியாது, வளை தெரிகிற இடத்துக்கு ஒலி போகாது. இந்த இழுபறியில் எந்தக் கருவி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஒப்பீடு.

முதலில் எல்லோரும் சொல்வது அடிமண் விவரணக் கருவி. கப்பலில் கட்டி இழுத்துக்கொண்டு போனால் கடலடிக்குக் கீழே உள்ள படைகளை வரைந்து காட்டும். நாரா என்ற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காக்கைதீவுப் பக்கம் போய் நின்றால் இப்படியான கருவிகளைப் பற்றிப் பேசக்கூடிய ஆட்களைச் சந்திக்கலாம். ஆனால் இது எங்கள் வேலைக்கு உதவாது. 2 முதல் 16 கிலோஹேர்ட்ஸ் வரை பாடும் கருவிக்குச் செங்குத்தாகப் பிரித்தறியும் திறன் ஐந்து சென்றிமீற்றர் அளவு. பக்கவாட்டில் இன்னும் மோசம். 15 மீற்றர் ஆழத்தில் அதன் ஒரு பார்வை இரண்டு மீற்றர் அகலமான வட்டம். அந்த வட்டத்துக்குள் நூறு வளை இருந்தாலும் ஒன்றும் தனியாகத் தெரியாது. படைகள் குழம்பி மங்கியிருந்தால் இங்கே யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். விலையும் கப்பல் செலவும் பார்த்தால் பேச்சை இத்தோடு நிறுத்தலாம்.

சோனார் என்பது ஒலியை அனுப்பி எதிரொலியால் பார்க்கும் கருவி. பக்கப் பார்வை சோனார் வேறு கதை. இது மண்ணுக்குள் பார்க்காது, மேற்பரப்பைப் பார்க்கும். வளை தோண்டிகள் வெளியே தள்ளும் மண் சின்னச் சின்னக் குன்றாகக் குவியும். தாழ்ந்த கோணத்தில் வரும் ஒலியில் குன்றுக்குப் பின்னால் நிழல் விழும். வட கடலில் மணற்குழாய் கட்டி வாழும் புழுக்களின் திட்டுகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் பக்கப் பார்வை சோனாரில்தான் அடையாளம் கண்டார்கள். இன்று மீன் தேடும் சாதாரணக் கருவிகளிலேயே 455, 800 கிலோஹேர்ட்ஸ் பக்கப் பார்வை வருகிறது. எங்கள் வள்ளக்காரரின் மருமகனிடம் ஒன்று இருக்கிறது, தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் பத்து மீற்றர் தள்ளி ஒரு பாகை அகலக் கற்றை 17 சென்றிமீற்றர் ஆகிவிடுகிறது. உள்ளங்கை அளவு குன்று தெரியும், விரல் நுழையும் வாய் தெரியாது. வள்ளம் ஆடினால் படமும் நெளியும். எந்த இடத்தில் இறங்குவது என்று முடிவு செய்ய இது நல்லது. வளையின் ஆழமோ, மொத்தக் கொள்ளளவோ இதில் கிடைக்காது.

இடம் தேடும் விசயத்தில் வள்ளக்காரர் எங்களுக்கு வேறொன்றும் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் சோனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “தங்கச்சி, அந்த மெஷினுக்கு முன்னுக்கு ஈயக்குண்டுல சவுக்காரம் பூசி இறக்கிப் பாருங்க. மணலா சுரியா எண்டு அதுவே ஒட்டிக்கொண்டு வரும்” என்றார். “அண்ணே, அப்ப வளை இருக்கிறதும் தெரியுமா?” என்று மாணவன் கேட்டான். “அது தெரியாது தம்பி. சுரியில குண்டு பொதக்கெண்டு போகும், வளை கூடின இடத்தில இன்னும் லேசாப் போகும். கைக்குத் தெரியும்.” சுரி என்று அவர் சொல்வது சேறு. மண்ணுக்குள் வெற்றிடம் கூடினால் அதன் உறுதி குறையும் என்பது ஆய்வுக்கூடத்தில் அளக்கிற விசயம். அவர் அதைக் கயிற்றில் உணர்கிறார். சவுக்காரம் பூசிய குண்டு இப்போது எங்கள் உபகரணப் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது.

ஒலி எதையும் அனுப்பாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது அடுத்த வழி. மனதுக்கு மிக நெருக்கமானதும் இதுதான். நான் மட்டக்களப்பில் பிறந்தவள். சின்ன வயதில் பறுவ நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியைக் காதில் பொருத்திப் பாடுமீனைக் கேட்டிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் கேட்கும் ஒலிவாங்கியை ஹைட்ரோபோன் என்பார்கள், மரத்துடுப்பு எங்கள் ஹைட்ரோபோன். அந்த ஆசை இன்னும் போகவில்லை. இப்போது கையளவு பதிவுக் கருவிகள் வந்துவிட்டன. ஹைட்ரோமோத் போன்றவை மலிவு. கல்லில் கட்டி இறக்கிவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்து வரலாம்.

ஆனால் என்ன கேட்கும்? வெப்பமண்டலக் கரையோரத்தில் முதலில் கேட்பது எண்ணெய்ச்சட்டியில் கடுகு பொரிவது போன்ற சத்தம். அது சொடுக்கு இறால். ஒரு கொடுக்கை மின்னல் வேகத்தில் மூடித் தண்ணீரைப் பீய்ச்சும்போது ஒரு குமிழி உண்டாகி உடையும். கொடுக்கின் ஓடுகள் மோதுவதால் சத்தம் வருகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். குமிழி உடைவதால்தான் என்று 2000ஆம் ஆண்டில் அதிவேகக் கமராவில் படம் பிடித்துக் காட்டினார்கள். சொடுக்கு இறால்களில் சில வகை மணலில் வளை தோண்டும். அந்த வளையை ஒரு சின்ன மீனோடு பகிர்ந்தும் வாழும், மீன் வாசலில் காவல், இறால் உள்ளே தோண்டும் வேலை. அதனால் இந்தச் சத்தத்தில் வளைவாசிகளும் இருக்கிறார்கள். ஆனால் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கற்பாறைத் திட்டுகள் நிறைய. பாறை இடுக்கில் இருந்து சொடுக்குபவற்றையும் மணல் வளையில் இருந்து சொடுக்குபவற்றையும் ஒரே ஒரு ஹைட்ரோபோனால் பிரிக்க முடியாது. நான்கை ஒரு சதுரமாக வைத்து, ஒரே சொடுக்கு ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை எடுத்தால் இடத்தைக் கணிக்கலாம். அதற்கு நான்கும் ஒரே கடிகாரத்தில் ஓடவேண்டும், மலிவுக் கருவிகளில் அது நடக்காது. அதோடு எங்களுக்கு முக்கியமான வளை இறால் அநேகமாக மௌனி. கடற்புழுக்களும் அப்படித்தான்.

புழுக்கள் முழு மௌனிகள் என்றும் சொல்லக்கூடாது. மணற்புழு வளைக்குள் தண்ணீரை இறைக்கும்போது மண்ணின் துளைநீரில் அழுத்தம் ஏறி இறங்கும். வெதி, வூடின் என்ற ஆய்வாளர்கள் 2005இல் இதைப் பற்றி எழுதினார்கள். அந்த அழுத்தத்தை அளந்தால், மண்ணைத் தோண்டாமலே புழு இறைக்கிறதா, தோண்டுகிறதா என்று சொல்லலாம். ஒலி என்று சொல்ல முடியாத அளவு மெதுவான துடிப்பு இது. காதுக்கு எட்டாது, அழுத்த உணரிக்கு எட்டும். ஒரு மிருகம் மண்ணுக்குள் மூச்சு விடுவதைத் தொட்டுப் பார்ப்பது போன்ற வேலை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கொழும்பின் திறந்த கரையில் அலை ஒவ்வொன்றும் கடலடியை அழுத்திக்கொண்டே இருக்கும், புழுவின் துடிப்பு அதற்குள் தொலைந்துவிடும். நீர்கொழும்புக் களப்பு போன்ற அசைவில்லாத தண்ணீரில் செய்யவேண்டிய ஆய்வு. இந்த முறை இல்லை.

நான்காவது வழி, ஒரே இடத்தில் முக்காலியில் சோனாரை நிறுத்தி, ஒரே மண்ணை மணிக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஒலியால் பார்ப்பது. வளை எது என்று இதற்குத் தெரியவேண்டியதே இல்லை. மண் அசையாமல் இருந்தால் இன்றைய எதிரொலியும் நாளைய எதிரொலியும் ஒன்றாக இருக்கும். உயிர்கள் மண்ணைக் கிளறினால் எதிரொலி மெல்ல மெல்லப் பழைய வடிவத்தை மறக்கும். எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதே அங்கே எவ்வளவு உழைப்பு நடக்கிறது என்பதற்கு அளவு. 1996இல் ஜுமார்ஸ், ஜாக்சன் முதலான ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை முறையாக எழுதி வைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிட அழகான யோசனை குறைவு. வளைவாசிகளைத் தொந்தரவு செய்யாமல், அவை செய்யும் வேலையையே அளக்கிறது.

இதைத்தான் எடுப்போம் என்று ஒரு வாரம் முழுக்க நான் பிடிவாதம் பிடித்தேன். மூன்று விசயங்கள் என்னை மாற்றின. முக்காலி ஒரு மில்லிமீற்றர் சாய்ந்தாலும் எதிரொலி மாறிவிடும், மணலில் அலை முக்காலியின் காலடியைக் கிளறாமல் விடாது. கொழும்புக் கரையில் அலையே மணலில் வரி வரியாகச் சுவடு போடும், அது செய்த மாற்றமும் இறால் செய்த மாற்றமும் ஒன்றாகக் கலந்துவிடும். மூன்றாவது என் சொந்த அனுபவம். மூன்று வருடங்களுக்கு முன் வெப்பமானி கட்டிய ஒரு இரும்புச் சட்டத்தைக் கடலடியில் விட்டுவந்தேன். மிதவையும் போட்டிருந்தோம். ஐந்தாம் நாள் போனபோது மிதவையும் இல்லை, சட்டமும் இல்லை. வலையில் சிக்கி இழுபட்டிருக்கும். பிழைப்புக்கு வலை வீசுகிறவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எங்களால் இழக்க முடியாத கருவியைக் கடலில் தனியே விட்டுவரக்கூடாது என்பதை அன்றைக்கு ஏற்றுக்கொண்டேன்.

மிஞ்சியது முள்ளுக்கருவி. நாங்கள் வைத்த பெயர்தான். சாப்பாட்டு முள்ளுக்கரண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 20 சென்றிமீற்றர் இடைவெளியில் இரண்டு நீண்ட கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பீசோ வில்லை, அதாவது மின்சாரத்தை ஒலியாகவும் ஒலியை மின்சாரமாகவும் மாற்றும் சின்ன வட்டு. சுழியோடி அதை மணலுக்குள் குத்தி இறக்குவார். ஒரு வில்லை ஒலி அனுப்பும், மற்றது கேட்கும். இரண்டு சென்றிமீற்றருக்கு ஒரு தடவை நிறுத்தி, ஒலி வர எடுத்த நேரத்தையும் வந்த வலிமையையும் பதியலாம். இதில் ஒலி மேலிருந்து கீழே போய்த் திரும்பவேண்டியதில்லை. பக்கவாட்டில் ஒருமுறை குறுக்கே போனால் போதும். 200 கிலோஹேர்ட்ஸில் 20 சென்றிமீற்றர் மணலைக் கடக்க 20 டெசிபெல்தான் செலவு. அந்த இழுபறியில் இருந்து ஓரளவு தப்பிக்கிற ஒரே வழியாக எனக்கு இது தெரிந்தது.

எண்களைப் போட்டுப் பார்த்தோம். மணலில் வேகம் 1,720 மீற்றர் என்றால் 20 சென்றிமீற்றரைக் கடக்க 116.3 மைக்ரோசெக்கன். நடுவில் இரண்டு சென்றிமீற்றர் வளை குறுக்கிட்டு, ஒலி அதற்கூடாக நேரே போனால் 117.6. வித்தியாசம் 1.3 மைக்ரோசெக்கன். சாதாரண யூஎஸ்பி அலைகாட்டியில் தாராளமாகத் தெரியும். ஆனால் மாணவி ஒரு நல்ல கேள்வி கேட்டாள். “அக்கா, ஒலி ஏன் வளைக்குள்ளால போகவேணும்? மணல் வேகமான பாதை என்றால் சுற்றிக்கொண்டு போகாதா?” போகும். முதலில் வந்து சேருவது வளையைச் சுற்றி வளைந்து வந்த ஒலிதான். கூடுதல் தூரம் ஒரு மில்லிமீற்றர், தாமதம் ஏறக்குறைய 0.6 மைக்ரோசெக்கன். நாங்கள் நினைத்ததில் பாதி. அதனால் நேரத்தைவிட வலிமை குறைவதை நம்புவது நல்லது. வளை ஒலிக்கு ஒரு நிழல் போடும், அந்த நிழல்தான் எங்கள் சாட்சி. அவளுடைய கேள்வி வராமல் இருந்திருந்தால் கடலுக்குப் போன பிறகு தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம்.

சேற்றில் இதே கணக்கு எங்களைக் கைவிட்டது. சேற்றில் 1,510, வளைத்தண்ணீரில் 1,540 என்றால் ஒரு வளைக்கு வித்தியாசம் கால் மைக்ரோசெக்கன். தண்ணீரின் வெப்பம் ஒரு பாகை மாறினாலே ஒலியின் வேகம் செக்கனுக்கு இரண்டு மீற்றர் கூடும், அது இதே 20 சென்றிமீற்றரில் 0.2 மைக்ரோசெக்கனைத் தின்றுவிடும். உப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் வேகம் ஒரு மீற்றர் மாறும். முகத்துவாரத்துக்கு முன்னால், கங்கையின் நன்னீரும் கடல்நீரும் மாறி மாறி வரும் இடத்தில், எங்கள் கருவி வளையை அளக்கிறதா உப்பை அளக்கிறதா என்று சொல்லவே முடியாது. இன்னொன்றும் உண்டு. இலைதழை அழுகும் சேற்றில் மீதேன் குமிழிகள் தங்கும். மிகக் கொஞ்சம் வாயு இருந்தாலே ஒலியின் வேகமும் வலிமையும் தலைகீழாகிவிடும். வள்ளக்காரரின் வீட்டுக்கு முன்னால், பெட்ரோல் செலவு இல்லாமல் செய்யலாம் என்று நாங்கள் முதலில் குறித்து வைத்த இடம் அதுதான். அதைக் கைவிட்டோம். வெள்ளவத்தைக்கும் கல்கிசைக்கும் இடையே, பாறைத்திட்டுகளுக்கு நடுவே ஐந்து, ஆறு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் மணற்பரப்புக்குப் போகிறோம். தூரம் கூட, எண்ணெய்ச் செலவும் கூட. ஆனால் அங்கே இயற்பியல் எங்கள் பக்கம் நிற்கிறது.

முள்ளுக்கருவியின் குறைகளையும் சொல்லவேண்டும். கம்பியைக் குத்தும்போதே மண் கலங்கும். கம்பியை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும். பக்கத்து வளை இடியலாம், இறால் கீழே ஓடிவிடும். கையால் மணலில் 30 சென்றிமீற்றருக்கு மேல் இறக்குவது கடினம், வளையோ ஒரு மீற்றருக்கும் கீழே போகிறது. நாங்கள் காணப்போவது மேல்மாடியை மட்டும்தான். ஒரு குத்தலில் ஒரு கோட்டைத்தான் அளக்கிறோம். சதுர மீற்றருக்கு 50 செங்குத்து வளை, ஒவ்வொன்றும் இரண்டு சென்றிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 20 சென்றிமீற்றர் கோடு ஒரு வளையைச் சந்திக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. 30 குத்தலுக்கு ஆறு வளை. வளை நூறாக இருந்தால் பன்னிரண்டு. ஆறையும் பன்னிரண்டையும் நம்பிக்கையோடு பிரிக்க ஒரு சதுர மீற்றர் போதாது, ஐந்தாறு வேண்டும். சுழியோடியின் காற்றுக் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஒரு சதுரம்தான் முடியும். ஆனாலும் இந்த ஒரு முறையில்தான், நான் அளந்தது இது, பிழை இவ்வளவு என்று நேர்மையாகச் சொல்ல முடிகிறது.

செலவிலும் இதுவே சுலபம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயரும் இணைப்பிகளும் எடுக்கலாம். பீசோ வில்லைகளை இணையத்தில் தருவித்தோம். அவற்றை இப்பொக்சியில் பொதித்துத் தண்ணீர் புகாமல் செய்வதுதான் பொறுமை வேண்டிய வேலை.

இவ்வளவுக்குப் பிறகும், ஒலி சொன்னது சரிதானா என்று பார்க்க ஒலி இல்லாத ஒரு சாட்சி வேண்டும். ஆஸ்பத்திரி சீடி ஸ்கேனில் மணல் உருளையை வைத்துப் பார்ப்பது சிறந்தது, எங்களுக்குக் கட்டாது. பிசின் வார்ப்பு பழைய முறை. ஷின் என்ற புவியியலாளர் 1968இல் புளோரிடா, பஹாமாஸ் கடலடியில் செய்து காட்டியது. தண்ணீரைவிடக் கனமான பிசினை வளையின் வாயில் ஊற்றினால் கீழே இறங்கி உறையும். மறுநாள் தோண்டி எடுத்தால் சுரங்கத்தின் முழு உருவமும் கையில் வரும், அறைகளும் கிளைகளும் கூட. ஆனால் உள்ளே இருக்கும் உயிர் தப்பினால்தான் உண்டு. எனக்கு இது பிடிக்கவில்லை. மாணவர்களோடு பேசி, முழுப் பருவத்துக்கும் ஐந்து வார்ப்புக்கு மேல் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறோம். அந்த ஐந்தும் முள்ளுக்கருவி ஏற்கெனவே அளந்த சதுரங்களில் மட்டும்.

ஆக முடிவு இப்படி. இடம் தேட சவுக்காரம் பூசிய குண்டும் கடன் வாங்கிய பக்கப் பார்வைக் கருவியும். அளக்க முள்ளுக்கருவி, கூடவே நல்ல வெப்பமானியும் உப்புமானியும். அளக்கும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் ஒரு ஹைட்ரோமோத், எங்கள் கண்முன்னால். முக்காலிச் சோனாரை அடுத்த வருடம், வலை வீசாத ஒரு இடம் கிடைத்தால். அனுமதிக் கடிதங்கள் போயிருக்கின்றன. துறைமுக எல்லைக்குப் பக்கத்தில் கருவி இறக்க நினைப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள், கடைசி வேலையாக வேண்டாம். உங்கள் இடம் நீர்கொழும்புக் களப்பாக இருந்தால் என் தெரிவைப் பின்பற்றாதீர்கள். அங்கே தண்ணீரின் ஆழம் குறைவு, அலை இல்லை, அழுத்த உணரிதான் அங்கே பொருத்தம். களப்பில் ஒலி அனுப்பித்தான் அளக்கவேண்டும் என்றால் விடியற்காலையில் அளந்து பாருங்கள். வெயில் ஏறினால் கடற்புல் ஒட்சிசன் குமிழிகளை விடத் தொடங்கும், ஒலியை அவை சிதறடிக்கும்.

கடலுக்குப் போகமுன் நவம்பரில் ஒரு பரீட்சை இருக்கிறது. என் வெள்ளவத்தை வீட்டுக் குளியலறையில், பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கடல்நீரும் மணலும். மாணவன் நான் பார்க்காத நேரத்தில் தண்ணீர் நிரப்பிய தடித்த உறிஞ்சுகுழாய்களைச் சில இடங்களில் புதைத்து வைப்பான், சில இடங்களை வெறுமையாக விடுவான். குழாயின் சுவர் மிக மெல்லியது, ஒலிக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் முப்பது தடவை குத்தி, வளை உண்டு, இல்லை என்று எழுதவேண்டும். முப்பதில் குறைந்தது இருபத்தைந்து சரியாக வராவிட்டால் கல்கிசைக்கு வள்ளம் பேசப்போவதில்லை. மணலில் காற்று தங்கியிருந்தால் பரீட்சையே பிழைத்துவிடும் என்பதால் முதலில் அதைக் கொதிக்க வைக்கவேண்டும். இப்போது என் குசினியில் சோற்றுப் பானையில் மணல் வேகிறது. மேலே சின்னச் சின்னக் குமிழிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவை நின்றதும் அடுப்பை அணைத்து, பானையைத் திறக்காமல் ஆறவிடுவோம்.